வாசகர் கேள்வி-பதில்: கிரேடியன்ட் கோளாறுகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் கிரேடியன்ட் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். ஒரு நிறம் இன்னொரு நிறமாகப் படிப்படியாக மாறுவதுதான் கிரேடியன்ட். டி.டி.பி. கடைகளில் இதை ஃபவுண்டன் ஃபில் என்பார்கள், சிலர் ஷேடிங் என்பார்கள், எல்லாம் ஒன்றுதான். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் பேச்சு இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளைப் பற்றியது; கோரல் என்று வருவது கோரல்டிரா என்ற இன்னொரு வரைகலை மென்பொருள். மூன்று எண்கள் சேர்ந்து வந்தால் அவை சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், 0 முதல் 255 வரையிலான அளவுகள்.

கேள்வி: தையல் கடை விசிட்டிங் கார்டுக்காகச் சேலை மடிப்பு ஒன்று வரைந்து மெரூனில் கிரேடியன்ட் கொடுத்தேன். வெள்ளைத் தாளில் நன்றாக இருந்தது. பின்னால் மஞ்சள் கட்டம் வைத்ததும் மடிப்பின் ஒரு முனையில் மஞ்சள் எட்டிப் பார்க்கிறது. எங்கே தப்பு செய்தேன்?
– வாசகி, முதலியார்பேட்டை

தப்பு உங்களுடையது இல்லை, இன்க்ஸ்கேப்பின் வழக்கமே அப்படி. ஒரே நிறம் நிரம்பிய வடிவத்தின் மேல் கிரேடியன்ட் கருவியை இழுத்தால், தொடக்க முனைக்கு அந்த நிறத்தையும் கடைசி முனைக்கு அதே நிறத்தைக் கண்ணாடியாக்கியும் கொடுக்கும். பின்னால் வெள்ளை இருக்கும்வரை அது வெள்ளைக்கு வெளுப்பது போலத்தான் தெரியும். மஞ்சள் வந்தால்தான் குட்டு வெளிப்படும்.

ஜி விசையை அழுத்தி மடிப்பைச் சொடுக்குங்கள். ஒரு கோடு தெரியும். தொடக்கத்தில் சதுரம், முடிவில் வட்டம். வட்டத்தைச் சொடுக்கிவிட்டு ஷிப்ட், கண்ட்ரோல், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஃபில் அண்டு ஸ்ட்ரோக் பலகை திறக்கும். அதில் ஏ என்ற ஸ்லைடர் 0-வில் கிடக்கும்; 0 என்றால் முழுக் கண்ணாடி, 100 என்றால் ஒளி புகாத நிறம். அதை 100-க்குக் கொண்டுபோய், பிறகு அந்த முனைக்கு 70, 0, 20 போல ஓர் ஆழ்ந்த மெரூனைக் கொடுங்கள். வரிசை முக்கியம்: முதலில் ஏ, பிறகு நிறம். ஏ 0-வில் இருக்கும்போது எந்த நிறத்தைப் போட்டாலும் கண்ணுக்குத் தெரியாது, அப்புறம் நிறம் ஏறவே இல்லை என்று குழம்புவீர்கள்.

உண்மையிலேயே ஒரு முனை கரைந்து மறைய வேண்டும் என்றாலும் ஒன்றைக் கவனியுங்கள். கண்ணாடியான முனையின் நிறமும் முதல் முனையின் நிறமும் ஒன்றாக இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத முனைதானே என்று அங்கே கறுப்பை விட்டுவைத்தால், நடுவழியில் அழுக்குத் துணி போல ஒரு சாம்பல் படரும். நிறமும் ஒளிபுகு அளவும் தனித்தனியாக மாறிக்கொண்டு போவதால், பாதி தூரத்தில் பாதிக் கறுப்பு பாதி அழுத்தத்தில் நிற்கிறது. வெள்ளையிலிருந்து கரையும்போதுதான் இது படுமோசமாகத் தெரியும்.

கார்டு அச்சகத்துக்குப் போகிறதென்றால் கண்ணாடி முனையே வேண்டாம். பின்னணி ஒரே மஞ்சள்தான், அந்த மஞ்சளையே கடைசி முனைக்குக் கொடுத்துவிடுங்கள். பழைய அச்சு மென்பொருள்களில் ஒளிபுகும் பகுதியைச் சுற்றி வெள்ளைப் பெட்டி விழுகிற தொல்லை அதோடு ஒழியும்.

கேள்வி: சில்வர் பீச்சில் சூரியன் கடலில் மறையும் காட்சியை வரைகிறேன். மேலே நீலம், கீழே மஞ்சள் கொடுத்தால் நடுவில் சிமென்ட் கலர் வருகிறது. சூரியனைச் சுற்றி ஒளிவட்டமும் சரியாக வரவில்லை.
– கல்லூரி மாணவர், கடலூர் முதுநகர்

முதலில் சூரியனை இடம் மாற்றுவோம். சில்வர் பீச் இருக்கும் தேவனாம்பட்டினத்தில் கடல் கிழக்கே இருக்கிறது. அங்கே கடலில் மறைகிற சூரியனைப் போட்டால் கடலூர்க்காரர்கள் விடமாட்டார்கள். உதயம் என்று தலைப்பை மாற்றிக்கொள்ளுங்கள், நிறங்கள் ஏறக்குறைய அவையேதான்.

சிமென்ட் கலர் வரக் காரணம் வெறும் கணக்கு. நீலம் 0, 0, 255. மஞ்சள் 255, 255, 0. இரண்டுக்கும் நடுப்புள்ளியைக் கூட்டி வகுத்தால் 128, 128, 128. அசல் சாம்பல்! வண்ணச் சக்கரத்தில் எதிரெதிரே இருக்கும் எந்த இரண்டு நிறத்தை இணைத்தாலும் பாதை நடுவில் இப்படிச் செத்துப்போகும். சிவப்பையும் பச்சையையும் இணைத்தால் சாம்பலுக்குப் பதிலாகப் பழுப்பு. மருந்து, நடுவில் ஒரு நிறுத்தம், அதாவது கோட்டின் மேல் இன்னொரு நிறத்துக்கான புள்ளி. கோட்டின் மேல் இரண்டு முறை சொடுக்கினால் புதிய நிறுத்தம் முளைக்கும்; கீழே இருக்கும் வண்ணப் பட்டையிலிருந்து ஒரு நிறத்தை இழுத்துவந்து கோட்டின் மேல் போட்டாலும் முளைக்கும்.

விடியல் வானத்துக்கு நான்கு நிறுத்தம் போதும். உச்சியில் 36, 52, 96. கோட்டின் நடுவுக்குச் சற்று மேலே, 45 விழுக்காட்டில், 150, 110, 150 என்ற மங்கிய ஊதா. 75-இல் 244, 160, 98. தொடுவானத்தில் 255, 224, 160. நீலத்திலிருந்து ஆரஞ்சுக்குத் தாவாமல் ஊதா வழியாகப் போவதுதான் சூட்சுமம். நிறுத்தங்களைச் சம இடைவெளியில் அடுக்காதீர்கள். விடிகாலையில் கடற்கரையில் நின்று பார்த்தால் தெரியும்: வெளிச்சம் முழுக்கத் தொடுவானத்துக்கு மேலே ஒரு சின்னப் பட்டையில்தான் நெருக்கியடித்துக் கிடக்கும், மேலே பெரும்பகுதி நீலமாகவே இருக்கும்.

இன்னொரு தவறு பலருக்கும் நேர்கிறது. வானத்தைப் பக்கம் முழுவதற்குமான செவ்வகமாகப் போட்டு, அதன் கீழ்ப்பாதியைக் கடலால் மூடுகிறார்கள். கிரேடியன்ட் கோடு செவ்வகத்தின் அடிவரை ஓடுவதால் அந்த அழகான மஞ்சள் கடலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. வடிவம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கோடு தொடுவானத்திலேயே முடியட்டும். கோட்டுக்கு அப்பால் கடைசி நிறமே நிரம்பிக்கொள்ளும். இழுக்கும்போது கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டால் கோடு சாயாது.

சூரியனுக்கு இரண்டு வட்டம் வேண்டும். உள்வட்டம் 255, 250, 220, கிரேடியன்ட் எதுவும் இல்லாமல். அதன் பின்னால் நான்கு அல்லது ஐந்து மடங்கு பெரிய வட்டம், அதற்கு ரேடியல் (மையத்திலிருந்து வட்டமாக விரியும்) கிரேடியன்ட்: மையத்தில் 255, 210, 120, ஏ அளவு 80; விளிம்பில் அதே 255, 210, 120, ஏ அளவு 0. மேலே முதலியார்பேட்டை வாசகிக்குச் சொன்ன கறுப்பு முனைக் கோளாறுதான் உங்கள் ஒளிவட்டத்தையும் கெடுத்திருக்கும். நடுவில் 30 விழுக்காட்டில் ஒரு நிறுத்தம் வைத்து அதன் ஏ-யை 35 ஆக்குங்கள். நேர்கோடாகக் கரைகிற ஒளி செயற்கையாக இருக்கும். சட்டென்று குறைந்து பிறகு நிதானமாகக் கரைவதுதான் இயல்பு.

கடலைக் கடைசியாகப் போட்டு, சூரியனின் கீழ்ப்பாதியை அதனாலேயே மறையுங்கள். மேலே 232, 170, 120, கீழே 22, 48, 78, நடுவில் மறுபடி அந்த ஊதா.

கேள்வி: கல்யாணப் பத்திரிகைக்குக் குத்துவிளக்கு வரைகிறேன். மஞ்சளும் பழுப்பும் கொடுத்தால் மண்பொம்மை மாதிரி இருக்கிறது. பித்தளைப் பளபளப்பு எப்படி வரும்?
– டி.டி.பி. பயிலும் வாசகி, நெல்லிக்குப்பம்

மண்ணுக்கும் உலோகத்துக்கும் கண் காணும் வித்தியாசம் நிறத்தில் இல்லை, வெளிச்சமும் இருளும் எவ்வளவு அடிக்கடி மாறுகின்றன என்பதில் இருக்கிறது. மண் மெதுவாக ஒரே ஒரு முறை இருளும். பித்தளை சுற்றியிருப்பதையெல்லாம் வாங்கிக் காட்டுவதால் இருள், வெளிச்சம், இருள், மறுபடி கொஞ்சம் வெளிச்சம் என்று துள்ளும்.

விளக்குத் தண்டை எடுத்துக்கொள்வோம். இடமிருந்து வலமாக லீனியர் (நேர்கோட்டில் மாறும்) கிரேடியன்ட், ஆறு நிறுத்தம். 0-வில் 92, 58, 12. 22-இல் 214, 160, 50. 34-இல் 255, 244, 190. 55-இல் 200, 140, 36. 88-இல் 84, 50, 10. 100-இல் 150, 104, 40. இதில் இரண்டு இடம்தான் உயிர். ஒன்று, 22-க்கும் 34-க்கும் இடையே உள்ள குறுகிய தாவல். அதை அகலமாக்கினால் பளபளப்பு போய் மெழுகாகிவிடும். மற்றொன்று வலது ஓரம். ஆக இருட்டான நிறம் ஓரத்தில் இல்லாமல் ஓரத்துக்குச் சற்று உள்ளே இருக்கிறது பாருங்கள். பின்னாலிருந்து திரும்பி வருகிற வெளிச்சம் விளிம்பைத் தொடுகிறது. அந்தக் கடைசி நிறுத்தத்தை நீக்கிப் பார்த்தால் தண்டு உருளையாக இல்லாமல் தட்டையாகிவிடும்.

தண்டில் வரும் குமிழ்களுக்கு ரேடியல். வெறும் ரேடியல் வைத்தால் நட்டநடுவில் வெளிச்சம் விழுந்து பட்டன் போல ஆகும். மையச் சதுரத்தை ஷிப்ட் பிடித்துக்கொண்டு இழுத்தால் அதிலிருந்து ஒரு பெருக்கல் குறி பிரிந்து வரும், அதுதான் குவியம். அதை இடது மேல்புறமாக, ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு நகர்த்துங்கள். தண்டிலும் வெளிச்சம் இடப்பக்கம்தான் என்பதை மறக்க வேண்டாம். பீடம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம், எல்லாவற்றுக்கும் ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம். ஒரு குமிழில் மட்டும் வலப்பக்கம் மின்னினால் பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கிறது என்பார்.

மேலிருந்து பார்க்கிற வட்டத் தட்டுக்குக் கோரலில் இருக்கும் கோனிக்கல் வகை மிகப் பொருத்தம். எவர்சில்வர் தட்டின் நடுவிலிருந்து விரிகிற ஒளிக்கதிர் அதில் அப்படியே வரும். இன்க்ஸ்கேப்பில் அது நேரடியாக இல்லை.

ஆப்செட் அச்சுக்கு நான்கு மையில் சொல்வதானால்: இருள் சயான் 30, மெஜந்தா 60, மஞ்சள் 100, கறுப்பு 35; நடு சயான் 10, மெஜந்தா 35, மஞ்சள் 95; மின்னல் மெஜந்தா 4, மஞ்சள் 35, சயான் சுத்தமாக 0. மின்னும் இடத்தில் சயான் துளி சேர்ந்தாலும் தங்கம் பாசி பிடித்த மாதிரி பச்சையடிக்கும்.

கேள்வி: அதே பத்திரிகை வேலையில் தங்க ஃபாயில் போடச் சொல்கிறார்கள். கிரேடியன்ட்டோடு ஃபைல் கொடுக்கலாமா?
– வாசகர், அரியாங்குப்பம்

கூடாது. ஃபாயில் ஒட்டும், அல்லது ஒட்டாது. பாதி ஒட்டுகிற ஃபாயில் கிடையாது. ஃபாயில் வரும் பகுதியைத் தனி லேயரில் 100 விழுக்காடு கறுப்பாக, கிரேடியன்ட்டோ நிழலோ இல்லாமல் கொடுங்கள். பளபளப்பை ஃபாயிலே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: திருவிழா நோட்டீஸில் 'கொடியேற்றம்' என்ற தலைப்புக்கு மேலே மஞ்சள், கீழே சிவப்பாகக் கிரேடியன்ட் கொடுத்தேன். கர்வ் ஆக்கியதும் (எழுத்தை வடிவமாக மாற்றியதும்) ஒவ்வொரு துண்டும் தனித்தனி நிறமாகிவிட்டது. ஒன்றாக்கினால் எழுத்தில் ஓட்டை விழுகிறது.
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

ஆங்கில எழுத்தைவிடத் தமிழில் இது அதிகம் உறுத்தும். 'கொடியேற்றம்' என்பதில் எழுத்து 6. ஆனால் எழுத்துருவின் கணக்கு வேறு. கொ என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. யே-யில் இரண்டு. மற்றவை ஒவ்வொன்று. ஆக 9 துண்டு. சில எழுத்துருக்களில் புள்ளியும் தனி என்பதால் இன்னும் கூடும். பாதையாக மாற்றியபின் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நிறம் கொடுத்தால், ஒவ்வொரு துண்டும் தன் உயரத்துக்குள் மஞ்சளிலிருந்து சிவப்புவரை முழுப் பயணம் போய்விடும். டகர இகரத்தின் விசிறி உயரமாக இருப்பதால் அதன் மஞ்சள் எங்கேயோ மேலே நிற்கும். தனித்த புள்ளி இருந்தால் அந்தக் கடுகு அளவுக்குள்ளேயே மஞ்சளும் சிவப்பும் ஒண்டிக்கொள்ளும்.

எல்லாத் துண்டுகளும் ஒரே பொருளாக வேண்டும். அதற்கு இரண்டு வழி இருக்கிறது, நீங்கள் எடுத்தது தவறான வழி. கம்பைன் செய்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் இடம் வெட்டுப்பட்டு ஓட்டையாகும். கொம்பும் உடல் எழுத்தும் லேசாக ஒட்டியிருக்கும்படி பல தமிழ் எழுத்துருக்கள் அமைந்திருப்பதால் ஓட்டை நிச்சயம். யூனியன் செய்ய வேண்டும், கோரலில் அதற்கு வெல்ட் என்று பெயர்.

இன்க்ஸ்கேப்பில் முழு வரிசை: எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஷிப்ட், கண்ட்ரோல், சி அழுத்திப் பாதையாக்குங்கள். வருவது ஒரு குழு. ஷிப்ட், கண்ட்ரோல், ஜி அழுத்திப் பிரியுங்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல், பிளஸ். பிறகு ஜி அழுத்தி மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. எழுத்துப்பிழை திருத்துவதெல்லாம் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மாற்றாத பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோரலில் பழகிய கைகளுக்கு ஓர் எச்சரிக்கை. கோரலில் கண்ட்ரோல், எல் என்றால் கம்பைன். இன்க்ஸ்கேப்பில் அதே விசை சிம்ப்ளிஃபை: முனைப்புள்ளிகளைக் குறைத்து வளைவை வழவழப்பாக்கும். பழக்க தோஷத்தில் அழுத்தினால் ற-வின் மூலைகளெல்லாம் வெண்ணெயாக உருகி நிற்கும். கண்ட்ரோல், கே-யும் தலைகீழ். கோரலில் பிரிப்பது, இன்க்ஸ்கேப்பில் சேர்ப்பது.

மஞ்சளிலிருந்து சிவப்புக்கு நடுவில் தானாகவே ஆரஞ்சு கிடைப்பதால் இங்கே இடைநிறுத்தம் தேவையில்லை. ஆனால் மெல்லிய எழுத்துருவில் கிரேடியன்ட் வேண்டாம். கோட்டின் தடிமன் போதாமல் நிறம் மாறுவதே தெரியாது, அச்சில் ஒரு மையின் மேல் இன்னொரு மை விழும் இடம் கொஞ்சம் விலகினாலும் எழுத்து மங்கும்.

கேள்வி: ஒயிட் டவுன் வீடு ஒன்றை வரைந்தேன். இடது பாதியை முடித்து, பிரதி எடுத்துத் திருப்பி வலது பாதியாக வைத்தேன். வீடு நடுவில் மடிந்த அட்டை மாதிரி தெரிகிறது. இன்னொன்று, சில நேரம் தூணை நகர்த்தினால் கிரேடியன்ட் பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறது.
– வாசகர், முத்தியால்பேட்டை

ஹெச் அழுத்தித் திருப்பும்போது வடிவத்தோடு கிரேடியன்ட்டும் திரும்புகிறது. இடது தூணில் இடப்பக்கம் வெளிச்சம் என்றால் வலது தூணில் வலப்பக்கம் வெளிச்சம். வீட்டுக்கு இரண்டு சூரியன். திருப்பிய பாதியில் தூண், ஜன்னல் பலகை, கைப்பிடிச் சுவர் என்று வெளிச்சம் படும் ஒவ்வொன்றையும் கிரேடியன்ட் கருவியோடு தேர்ந்தெடுத்து ஷிப்ட், ஆர் அழுத்துங்கள், திசை மாறிவிடும். நிறுத்தங்கள் சமச்சீராக இல்லாத தூணிலும் இது சரியாகவே வேலை செய்யும். ஒரே மாதிரித் தூண்கள் என்றால் திருப்பவே வேண்டியதில்லை. ஒன்றை முடித்து ஆல்ட், டி அழுத்திக் குளோன் எடுத்து நகர்த்துங்கள். பிறகு மூலத் தூணின் கிரேடியன்ட்டை மாற்றினால் எல்லாத் தூணும் மாறும்.

இரண்டாவது கோளாறு ஒரு பொத்தான் விவகாரம். அம்புக்குறிக் கருவியில் இருக்கும்போது மேல்பட்டையின் வலது கோடியில் நான்கு சின்னப் பொத்தான்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்று கிரேடியன்ட்டைப் பொருளோடு சேர்த்து நகர்த்துவதற்கு. கைதவறி அது அணைந்திருக்கிறது. சுட்டியை மேலே வைத்தால் எது என்று விளக்கம் வரும்.

கேள்வி: 10 அடி அகல ஃப்ளெக்ஸில் இளநீலத்திலிருந்து கொஞ்சம் அடர்நீலத்துக்கு கிரேடியன்ட். திரையில் பட்டுப் போல இருக்கிறது, அச்சில் கோடு கோடாக வருகிறது. மிஷின்காரர் ஃபைலைக் குறை சொல்கிறார்.
– பேனர் வடிவமைப்பாளர், பண்ருட்டி

மிஷின்காரர் பக்கம்தான் பெரும்பாலும் நியாயம் இருக்கும். ஒவ்வொரு மைக்கும் 0-விலிருந்து 100 விழுக்காடு வரை 256 படி. நீங்கள் சயானை 40-லிருந்து 60-க்குக் கொண்டுபோகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாற்றம் 20 விழுக்காடுதான், ஆக உங்களுக்குக் கிடைப்பது 256-இல் ஐந்திலொரு பங்கு, சுமார் 51 படி. 10 அடி என்றால் 3048 மில்லிமீட்டர். 51-ஆல் வகுத்தால் ஒரு படி கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் அகலம். அது கண்ணுக்குப் பட்டையாகத் தெரியாமல் என்ன செய்யும்? இதே கிரேடியன்ட் 89 மில்லிமீட்டர் விசிட்டிங் கார்டில் 1.7 மில்லிமீட்டர் படியாகிறது, யாரும் கண்டுபிடிக்க முடியாது. திரையில் நீங்கள் பேனரைக் கார்டு அளவுக்குச் சுருக்கித்தான் பார்க்கிறீர்கள்.

முதலில் கோரலில் எஃப் 11 அழுத்தி ஸ்டெப்ஸ் எண் 256-இல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஃபைலை எடுத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் கடைகளில் யாரோ எப்போதோ 50 என்று வைத்தது அப்படியே இருக்கும். அது சரியாக இருந்தால், நிற வித்தியாசத்தைக் கூட்டுங்கள்: 80-லிருந்து 10 என்றால் 179 படி, ஒவ்வொன்றும் 17 மில்லிமீட்டர். கூடவே மெஜந்தாவும் சிறிது மாறும்படி வைத்தால் இரண்டு மையின் படிகளும் வெவ்வேறு இடத்தில் விழுந்து ஒன்றை ஒன்று மறைக்கும்.

வாடிக்கையாளர் அந்த மென்மையான நீலமேதான் வேண்டும் என்கிறாரா? பின்னணியை மட்டும் படமாக மாற்றி நாய்ஸ், அதாவது மணல் போன்ற நுண்புள்ளிகள், தூவுங்கள். 10 அடிக்கு 72 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 72 பிக்சல்) வைத்தால் 8640 பிக்சல் அகலம். ஃபோட்டோஷாப்பில் ஆட் நாய்ஸ், அளவு 1 அல்லது 2, காஸியன், மோனோக்ரோமேட்டிக். படியின் விளிம்பு உடைந்து சிதறிவிடும். நின்று படிக்கும் தூரத்தில் மணல் தெரியாது. சேமிக்கும்போது டிஃப் வடிவில் சேமியுங்கள். ஜேபெக்கில் தரத்தைக் குறைத்தால், தூவிய மணலையெல்லாம் அது வழித்தெடுத்துச் சதுரம் சதுரமாக்கிவிடும்.

கேள்வி: எங்கள் குழுவில் மஞ்சப்பை தைத்து ஸ்கிரீன் பிரிண்ட் போட்டுத் தருகிறோம். ஒரு கடையின் சின்னத்தில் நீல கிரேடியன்ட் இருக்கிறது. லேசர் பிரிண்ட் எடுத்து ஸ்கிரீன் செய்தால் பாதி காணாமல் போகிறது, மீதி அப்பிக்கொள்கிறது.
– மகளிர் சுயஉதவிக் குழு, வில்லியனூர்

ஸ்கிரீன் சட்டத்துக்கு மை உண்டு, இல்லை என்ற இரண்டே வார்த்தைதான் தெரியும். இளநீலம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. ஆகவே கிரேடியன்ட்டைப் பெரிதும் சிறிதுமான கறுப்புப் புள்ளிகளாக நீங்களே மாற்றிக் கொடுக்க வேண்டும்.

பையின் துணி முரடு, அதனால் அங்குலத்துக்கு 35 வரிசைப் புள்ளிக்கு மேல் ஆசைப்படாதீர்கள். வலையின் இழை, அங்குலக் கணக்கில், அந்த எண்ணுக்கு நாலரை முதல் ஐந்து மடங்கு வேண்டும். 35-ஐ ஐந்தால் பெருக்கினால் 175. சென்டிமீட்டரில் சொன்னால் சுமார் 69 இழை. அதற்குப் பக்கத்தில் கிடைக்கிற வலையை வாங்குங்கள். புள்ளி வரிசையின் கோணம் 22.5 பாகை. 0, 45, 90 வைத்தால் வலையின் இழையும் புள்ளி வரிசையும் மோதிப் பட்டுச்சேலையில் தெரிகிற அலை மாதிரி ஒன்று வரும்.

கோரலில் செய்வது: சின்னத்தைக் கறுப்பு-வெள்ளை கிரேடியன்ட்டாக மாற்றுங்கள். கறுப்பு முனை 85 விழுக்காடு, வெளுத்த முனை 10 விழுக்காடு. 10-க்குக் கீழே உள்ள புள்ளி வலையில் நிற்காது, அதுதான் உங்களுக்குக் காணாமல் போனது. 85-க்கு மேலே மை பரவி இடைவெளி அடைபடும், அதுதான் அப்பிக்கொண்டது. பிறகு 600 டி.பி.ஐ.-யில் படமாக்கி, மோடில் பிளாக் அண்டு ஒயிட், அதில் ஹாஃப்டோன், வட்டப் புள்ளி, 35 வரிசை, மேற்சொன்ன கோணம். 600 டி.பி.ஐ. லேசருக்கு இது தாராளம். பத்திரிகை அச்சு மாதிரி நுணுக்கமாக வரட்டும் என்று 100 வரிசை வைத்தால், 600-ஐ 100-ஆல் வகுத்து வரும் 6-இன் வர்க்கத்தோடு 1 கூட்டிக் கிடைக்கும் 37 சாயல்தான் அந்தப் பிரிண்டரால் காட்ட முடியும். உங்கள் வலையோ அதையும் தாங்காது.

இவ்வளவு பாடும் வேண்டாம் என்றால் கோடுகளாலேயே செய்யுங்கள். ஒரு முனையில் 3 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கோடு, மறுமுனையில் 0.6 மில்லிமீட்டரில் ஒரு கோடு, இரண்டுக்கும் இடையே பிளெண்ட் கருவியில் 15 படி. தடித்த கோடு படிப்படியாக மெலியும், தூரத்தில் நிறம் வெளுப்பது போலவே தெரியும். துணிக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

நிறத்தைப் பற்றியும் கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வெளுத்த முனை என்பது வெள்ளை கிடையாது, பையின் மஞ்சள். நீலப் புள்ளிகள் மஞ்சளில் சிதறினால் தூரத்தில் கலங்கிய பச்சை போலத் தெரியும். அடர்சிவப்பு என்றால் மஞ்சளை நோக்கி ஆரஞ்சாக இளகும்.

கேள்வி: எஸ்.வி.ஜி. (வலைப்பக்கங்களில் பயன்படும் வரைபட வடிவம்) நிரல்வரிகளை நானே எழுதுகிறேன். சாய்ந்த கோட்டுக்கு கிரேடியன்ட் வருகிறது, படுக்கைக் கோட்டுக்குக் கொடுத்தால் கோடே மறைந்துவிடுகிறது.
– பாலிடெக்னிக் மாணவி, லாஸ்பேட்டை

கிரேடியன்ட் யூனிட்ஸ் என்பதை நீங்கள் எழுதாமல் விட்டிருப்பீர்கள். விட்டால் அது ஆப்ஜெக்ட் பவுண்டிங் பாக்ஸ், அதாவது பொருளைச் சுற்றியுள்ள பெட்டியை அளவாகக் கொள்ளும். கோட்டின் தடிமன் பெட்டிக் கணக்கில் சேராது. முழுப் படுக்கைக் கோட்டின் பெட்டிக்கு உயரம் 0. உயரமில்லாத பெட்டியில் கிரேடியன்ட் வரையக் கூடாது என்பது எஸ்.வி.ஜி. விதி. செங்குத்துக் கோட்டுக்கும் இதே கதிதான், அங்கே அகலம் 0. யூசர் ஸ்பேஸ் ஆன் யூஸ் என்று மாற்றி, தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் விழுக்காட்டில் இல்லாமல் படத்தின் அளவிலேயே எழுதுங்கள். அல்லது கோட்டுக்குப் பதில் 2 அலகு உயரமுள்ள செவ்வகம் ஒன்று போட்டு ஃபில்லில் கிரேடியன்ட் கொடுங்கள்.

மெஷ் கிரேடியன்ட்டும் (வலைக்கட்டத்தின் ஒவ்வொரு முனைக்கும் ஒரு நிறம் கொடுப்பது) உலாவியில் தெரியவில்லை என்று அதே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். உலாவிகள் அதை ஏற்கவில்லை. இன்க்ஸ்கேப் ஃபைலுக்குள் ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்டைச் சேர்த்து ஈடுகட்டப் பார்க்கிறது. ஃபைலை நேரடியாகத் திறந்தால் அது ஓடும், வலைப்பக்கத்தில் படமாகச் செருகினால் ஓடாது. மெஷ் உள்ள பகுதியை மட்டும் பி.என்.ஜி.-யாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.